கைகாட்டி டிரைவர்

டிப்போவில் அவரைக் கைகாட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். கிண்டலுக்கு வைத்த பெயர். நாளாக ஆகக் கிண்டல் தேய்ந்துபோய்ப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. டவுன் பஸ் டிரைவர். ரோட்டோரத்தில் யாராவது ஒரு கால் நடைபாதையிலும் ஒரு கால் கீழேயுமாகத் தவித்துக்கொண்டு நின்றால் மனுஷனுக்குப் பொறுக்காது. பஸ்ஸை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, வீட்டுக்கு வந்த விருந்தாளியை உள்ளே அழைக்கிற மாதிரி உள்ளங்கையை விரித்து, “போங்க, போங்க” என்று காட்டுவார். முன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவர் சொல்வது வெளியே யாருக்கும் கேட்காது. சிரிப்பு மட்டும் தெரியும்.

பஸ்காரர்கள் பொதுவாக எப்படி என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஹார்னை அடித்தே ஆளை ஓரங்கட்டுவார்கள். குறுக்கே வந்தவனுடைய பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டுவார்கள். நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிறுத்திவிட்டு, பையும் பிள்ளையுமாக ஜனங்கள் ஓடி வருவதைக் கண்ணாடியில் வேடிக்கை பார்ப்பார்கள். அந்தக் கூட்டத்தில் இப்படி ஒருத்தர் இருந்தால் ஜனங்கள் தலையில் தூக்கி வைத்து ஆடத்தானே செய்வார்கள்? ஆடினார்கள். அவர் பஸ் வரட்டும் என்று முந்தின பஸ்ஸை விட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள்கூட உண்டு.

பஸ்ஸுக்கு வருவதற்கு முன்னால் அவர் பல வருஷம் குப்பை லாரி ஓட்டியவர். அது என்ன மாதிரிப் பிழைப்பு என்று ஓட்டியவர்களுக்குத்தான் தெரியும். தெருவுக்குள் நுழைந்தாலே மூக்கைப் பொத்துவார்கள். நின்று நின்று போவதால் பின்னால் வருகிறவர்கள் ஹார்னிலேயே கெட்ட வார்த்தை பேசுவார்கள். தங்கள் வீட்டுக் குப்பையைத்தான் வாரிக்கொண்டு போகிறான், சந்தில் திரும்பக் கொஞ்சம் இடம் விடுவோம் என்று ஒருத்தருக்கும் தோன்றாது. அத்தனை வருஷத்தில் அந்த லாரியைப் பார்த்து ஒரு முகம் மலர்ந்ததில்லை. பிறகுதான் டவுன் பஸ்ஸில் வேலை கிடைத்தது. வந்த புதிதில் ஒருநாள், ஊன்றுகோலோடு நின்ற ஒருவருக்காக நிறுத்தினார். அந்த மனுஷர் பாதி ரோட்டில் நின்று திரும்பி, நெஞ்சில் கை வைத்துத் தலையைக் குனிந்துவிட்டுப் போனார். கைகாட்டி அன்றைக்கு டிப்போவுக்குத் திரும்புகிற வரை ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார் என்று கண்டக்டர் இப்போதும் சொல்வார்.

அதிலிருந்து அவருக்கு அது ஒரு ருசியாகிப் போயிற்று. இதைக் குறையாகச் சொல்லவில்லை. குடிக்கிற ருசி, சீட்டாடுகிற ருசி, ஊர்வம்பு பேசுகிற ருசி என்று ஆளுக்கொன்று இருக்கும்போது, நாலு பேர் கை தூக்கி நன்றி சொல்வதில் ஒருத்தருக்கு ருசி இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அப்படித்தான் எல்லாரும் நினைத்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

வீட்டில்தான் இந்தப் பெருமை செல்லுபடியாகவில்லை. அவர் மனைவி தையல்காரி. முன் அறை முழுக்க மெஷினும் துணியுமாக இருக்கும்.

“இங்க நான் துணி மூட்டையைத் தூக்கிட்டு வந்தா வாசப்படியை அடைச்சுக்கிட்டு நிப்பீங்க. நகர்ந்தா முத்து உதிர்ந்துரும். ரோட்ல போறவங்களுக்கு மட்டும் ராஜ மரியாதை” என்பாள்.

“நீயும் அவங்க மாதிரி ஒரு தடவை கையைத் தூக்கிக் காட்டு, நகர்றேன்.”

“கையா? இருங்க, கரண்டியோட காட்டுறேன்.”

கண்டக்டருக்கு வேறு கவலை. நேரம் தவறினால் டிப்போவில் பதில் சொல்ல வேண்டியது இரண்டு பேரும்தான். “அண்ணே, இது பஸ்ஸா, இல்ல ஊர் ஜனத்தையெல்லாம் ரோடு கடத்தி விடறதுக்குன்னே விட்டிருக்காங்களா?” என்று பின்னாலிருந்து கத்துவார். கைகாட்டி காதில் வாங்கிக்கொள்ள மாட்டார்.

கடைத்தெரு முனையில் தினமும் காலையில் அவர் நிறுத்துவது சாவிக்காரம்மாவுக்காக. எதிர்ப்பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் அந்த அம்மாளின் கடை. கடை என்றால் ஒரு மேஜை, சாவி வெட்டுகிற மெஷின், ஆணியில் தொங்குகிற நூற்றுக்கணக்கான வெற்றுச் சாவிகள். ஆள் நிமிர்ந்து நின்றால் தலை படியில் இடிக்கும். தொலைத்த சாவிக்கு மறு சாவி, திறக்காத பூட்டுக்கு வைத்தியம், பூட்டிக்கொண்டு உள்ளே மாட்டிக்கொண்ட குழந்தைக்காக அவசர ஓட்டம் என்று தனி ஆளாக அந்தத் தொழிலைப் பிடித்து வைத்திருந்தார். கனமான கருவிப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சாவிக்காரம்மா நடைபாதையில் வந்து நிற்கவும், பஸ் அந்த முனைக்கு வரவும் சரியாக இருக்கும். ரோடு கடக்கக் கோடு போட்ட இடம் இன்னும் தள்ளி இருந்தது. அந்தப் பெட்டியைச் சுமந்துகொண்டு அவ்வளவு தூரம் போய்ச் சுற்றி வர யாருக்குத்தான் தெம்பு இருக்கும்? கைகாட்டி நிறுத்துவார், கை காட்டுவார். சாவிக்காரம்மா இறங்கி, பஸ்ஸின் முகத்துக்கு முன்னால் நடந்து, கடைசியில் ஒரு தடவை திரும்பி டிரைவரைப் பார்த்துக் கையைத் தூக்குவார். பல வருஷமாக இதுதான் இருவருக்கும் பழக்கம். ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் ஒருநாள் சாவிக்காரம்மா வரவில்லையென்றால் கைகாட்டி அன்று முழுக்க, “என்னாச்சுன்னு தெரியலையே” என்று கண்டக்டரைப் பிய்த்து எடுப்பார்.

அந்த ரோட்டில் பஸ் போகிற திசையில் இரண்டு வரிசை. பஸ் நடைபாதையை ஒட்டிய வரிசையில் நிற்கும். சாவிக்காரம்மா பஸ்ஸைத் தாண்டின பிறகு, பக்கத்து வரிசையையும் தாண்டினால்தான் நடுவில் உள்ள திட்டை அடையலாம். பஸ் நின்றால் பஸ்ஸின் வரிசைதான் நிற்கிறது. பக்கத்து வரிசையில் என்ன வருகிறது என்று சாவிக்காரம்மாவுக்குத் தெரியாது, இவ்வளவு பெரிய பஸ் மறைத்துக்கொண்டு நிற்கிறதே. அங்கே வருகிறவருக்கும் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு ஆள் நடப்பது தெரியாது. இரண்டு பக்கமும் தெரிகிற ஆள் ஒருவர்தான். அவர் தோளுக்குப் பக்கத்திலேயே, பின்னால் வருவதைக் காட்டவென்றே ஒரு கண்ணாடி மாட்டியிருக்கிறது.

அன்றைக்கு மழையும் இல்லை, பனியும் இல்லை. பளிச்சென்று வெயில். கைகாட்டி நிறுத்தினார். கையை விரித்தார். சிரித்தார். சாவிக்காரம்மா பெட்டியை இறுக்கிக்கொண்டு இறங்கி, கொஞ்சம் வேகமாகவே நடந்தார், காத்திருக்கிற பஸ்ஸுக்கு மரியாதையாக. பஸ்ஸின் முகத்தைத் தாண்டி ஓர் அடி வைத்தவர், வழக்கம்போல் திரும்பி அவரைப் பார்த்துக் கையைத் தூக்கினார். தூக்கின கை தூக்கினபடி இருக்க, பக்கத்து வரிசையில் வந்த ஒரு ஸ்கூட்டர் அவரை அடித்துத் தள்ளிக்கொண்டு போய் விழுந்தது. பெட்டி திறந்து, சாவிகள் ரோடு முழுக்கச் சிதறின.

கைகாட்டி எப்படி இறங்கினார் என்று அவருக்கே நினைவில்லை. சாவிக்காரம்மாவின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாளுக்கு நினைவு இருந்தது. ஒரு கால் போகக்கூடாத பக்கமாகத் திரும்பியிருந்தது. ஸ்கூட்டரில் வந்தவர் ஒரு பெண், வீட்டிலேயே பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிற டீச்சர். முழங்கை தோல் உரிந்து ரத்தம் சொட்ட, “பஸ் மறைச்சிருச்சுங்க, சத்தியமா தெரியலைங்க” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றார்.

கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா! பிடித்துக்கொண்டது. “கண்ணு பின்னாடியா இருக்கு?” “பறந்து வந்தா இப்படித்தான்.” “பொம்பளை கையில வண்டியைக் கொடுத்தா...” இந்தக் கடைசி வசனத்தைப் பேசியவனை நாலு சாத்து சாத்தியிருக்கலாம், யாரும் செய்யவில்லை. நடுவில் ஒரு கடைக்காரர் கைகாட்டியைச் சுட்டிக்காட்டி, “இவரும்தான் வண்டி ஓட்டுறாரு. அவ்வளவு பெரிய பஸ்ஸு, அந்தம்மாவுக்காக எப்படி நின்னாரு பாருங்க! இவர்கிட்டக் கத்துக்கணும்” என்றார். நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள். கைகாட்டி தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டது கூட்டம்.

போலீஸ்காரர் வந்து கேட்டார். “நான் நிறுத்தினேன். அந்தம்மா கடந்தாங்க. ஸ்கூட்டர் வந்து இடிச்சிருச்சு” என்றார் கைகாட்டி. சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. கை காட்டியதையும், காட்டுவதற்கு முன்னால் அந்தக் கண்ணாடியைப் பார்க்காததையும் விட்டுவிட்டார். போலீஸ்காரரும் கேட்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். மனைவி தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். இன்றைக்குக் கிண்டல் இல்லை. கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது.

“நான்தான் போகச் சொன்னேன். பின்னாடி என்ன வருதுன்னு பாக்கவே இல்ல.”

“நீங்க நிறுத்தத்தானே செஞ்சீங்க. நிறுத்தினது ஒரு தப்பா?”

“நிறுத்தினது தப்பில்ல. போங்கன்னு சொன்னேனே. நான் சொன்னா அந்தம்மா அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பாக்க மாட்டாங்க. எனக்குத் தெரியும் அது.”

மனைவி தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். பிறகு, “வெளிய யார்கிட்டயும் சொல்லிறாதீங்க” என்றாள் மெதுவாக. “வேலைக்கு உலை வச்சிருவாங்க. இந்தச் சம்பளத்தை விட்டா நமக்கு என்ன இருக்குன்னு யோசிங்க.” பயந்துபோய்ச் சொன்னாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

டிப்போவில் அந்தக் கூட்டத்தின் பாராட்டையும் மிஞ்சிவிட்டார்கள். மேலாளர் அவரைக் கூப்பிட்டு முதுகில் தட்டிக்கொடுத்தார். மற்ற டிரைவர்களை நிற்கவைத்து, “ரோட்ல எப்படி நடந்துக்கணும்னு இவரைப் பாத்துத் தெரிஞ்சுக்கங்க” என்று ஒரு பிரசங்கம் வேறு. முன்பெல்லாம் இப்படி ஒரு வார்த்தைக்காக ஏங்கியிருக்கிறார். அன்றைக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

சில நாள் கழித்து டீச்சர் அவருடைய பஸ்ஸில் ஏறினார். ஸ்கூட்டர் ஸ்டேஷனில் கிடந்தது. லைசென்ஸையும் வாங்கி வைத்திருந்தார்கள். முழங்கையில் கட்டு, தோளில் புத்தகப் பை, டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கைகாட்டிக்குத் தலைக்கு மேலே இருக்கிற உள் கண்ணாடியில் அந்த முகம் அப்படியே தெரிந்தது. அதற்கப்புறம் தினமும் ஏறினார். டீச்சர் வீட்டுப் பக்கத்தில் இருக்கிற ஒரு பெண் கண்டக்டரிடம் பேசிக்கொண்டு வந்ததில் விஷயம் தெரிந்தது: ஆளை அடித்துப் போட்ட டீச்சர் என்று பேர் பரவி, பெற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். கேஸ் கோர்ட்டுக்குப் போகப்போகிறது. அதில் தப்பு முழுக்க அவருடையது என்றாகிவிட்டால் மிச்சம் இருக்கிற பிள்ளைகளும் வர மாட்டார்கள். மீதி இருக்கிற ஒன்றிரண்டு வீடுகளுக்குத்தான் அவர் இப்படி பஸ் பிடித்துப் போய்ச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் இறங்கும்போது டீச்சர் முன் வாசலில் நின்று திரும்பி, “நீங்க ரொம்ப நிதானமா ஓட்டுறீங்க, தேங்க்ஸ்ங்க” என்றார்.

கைகாட்டிக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் விசில் அடித்து அடித்து ஓய்ந்துபோய், “அண்ணே, என்னாச்சு?” என்று முன்னால் வந்துவிட்டார்.

இந்த நாட்களில் அவருடைய கை ஸ்டியரிங்கை விட்டு எழவில்லை. ரோட்டோரத்தில் நிற்கிறவர்களுக்காக நிறுத்தத்தான் செய்தார். ஆனால் சிரிக்கவில்லை, கை காட்டவில்லை. அவர்கள் குழம்பிப்போய், போகலாமா வேண்டாமா என்று எட்டி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். யாரும் கை தூக்கவில்லை. ஒருத்தர், “என்ன, இவருக்கும் இப்பத் தலைக்கனம் வந்துருச்சு” என்று முணுமுணுத்துக்கொண்டு போனது அவர் காதில் விழுந்தது.

முதலில் யாரிடம் சொல்வது? போலீஸிடம் போக நினைத்தார். டிப்போவைத் தாண்டிப் போனபோது வேலை நினைப்பு வந்து கால் பின்வாங்கியது. கடைசியில் சாவிக்காரம்மாவைத்தான் பார்க்கப் போனார். தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டிருந்தார். தங்கை வீடு. மாடியில் ஒற்றை அறை. கட்டிலுக்குப் பக்கத்தில் நாலு கால் ஊன்றுகோல், ஜன்னலில் மருந்துகள், மடியில் ஒரு பழைய பூட்டு. படுத்துக்கொண்டே அதை நோண்டிக்கொண்டிருந்தார் அந்த அம்மாள்.

“அட, நீங்களா!” என்று முகம் விரிந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை அவர் கேட்பது இதுதான் முதல் தடவை. ஆண்குரல் மாதிரி கட்டையான குரல். “இவளே, நாற்காலியை எடுத்துப் போடு. இவர்தான் நான் சொன்ன பஸ்காரர்.”

தங்கை நாற்காலியைப் போட்டாள். “அக்கா உங்க பேச்சுதாங்க எப்பவும். ஊர்ல நல்ல மனுஷன் ஒருத்தர்தான்னு சொல்லிக்கிட்டே இருக்கும்” என்றாள்.

“நல்லவங்களும் இருக்காங்க, அந்த ஸ்கூட்டர்காரி மாதிரியும் இருக்காங்க” என்றார் சாவிக்காரம்மா. “பழத்தைத் தூக்கிட்டு வந்து நின்னா இங்க. ஒரு தடவை இல்ல, ரெண்டு மூணு தடவை. படி ஏறவே விடாதேன்னு சொல்லிட்டேன். காலை உடைச்சுப் போட்டுட்டுப் பழம் ஒரு கேடு!”

கைகாட்டி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று தோன்றியது.

“அம்மா, தப்பு என்னுது. நான்தான் உங்களைப் போங்கன்னு கை காட்டினேன். பக்கத்துல வண்டி வருதான்னு கண்ணாடியில பாக்கல. போலீஸ்லயும் சொல்லல.”

சாவிக்காரம்மா பூட்டை மடியில் வைத்தார். தங்கை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“தெரியும்” என்றார் அந்த அம்மாள்.

“தெரியுமா?”

“நீங்க காட்டினீங்க, நான் இறங்கினேன். என் கண்ணாலதானே பாத்தேன். தெரியாம இருக்குமா?”

“அப்ப ஏன் நீங்க சொல்லல?”

அந்த அம்மாள் பூட்டின் கொண்டியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். “எப்படிச் சொல்றது? அந்த ரோட்ல எத்தனை வருஷமா நிக்கிறேன். எவனாவது எனக்காக பிரேக்கைத் தொட்டிருக்கானா? நீங்க ஒருத்தர்தான். உங்களையும் சேத்துச் சொல்லிட்டா அப்புறம் அங்க எனக்குன்னு யாரு இருக்கா? அவ யாருன்னே எனக்குத் தெரியாது. தெரியாதவ மேல போடறது சுலபமா இருந்துச்சு, போட்டுட்டேன்.” பூட்டைத் தள்ளி வைத்தார். “நானும்தான் பாவி. அவ கீழ நின்னு அழுததெல்லாம் எனக்கு இங்க கேட்டுச்சு.”

தங்கை போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். யாரும் குடிக்கவில்லை.

திடீரென்று சாவிக்காரம்மாவுக்குக் கோபம் வந்தது. இத்தனை நாள் இடம் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்த கோபம். “என்னைப் பாத்துச் சிரிச்சீங்களே, அந்த நேரத்துக்கு அந்தக் கண்ணாடியைப் பாத்துத் தொலைச்சிருக்கக் கூடாதா? உங்க சிரிப்பு யாருக்கு வேணும்? என் கால் போச்சே!”

கைகாட்டி, திட்டட்டும் என்று உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் அழுது முடித்து, முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “போலீஸ் வந்தா நானும் உள்ளதைச் சொல்றேன்” என்றார். “நீங்க முதல்ல அவகிட்டப் போங்க. நான் படி இறங்க முடியாது. இல்லேன்னா நானே போயிருப்பேன்.”

டீச்சரின் வீடு டீச்சர் தினமும் ஏறுகிற நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. கதவு திறந்திருந்தது. முன் அறையில் சுவரில் ஒரு கரும்பலகை, ஒரு எழுத்துகூட இல்லாமல் துடைத்து வைத்திருந்தது. பிள்ளைகள் உட்காருகிற பாய்களைச் சுருட்டி மூலையில் சாத்தியிருந்தார்கள். மாலை நேரம், பாடம் நடந்துகொண்டிருக்க வேண்டிய நேரம். அந்த அமைதி அவருக்குத் தாங்கவில்லை.

“பஸ் டிரைவர்தானே? உள்ள வாங்க” என்றார் டீச்சர் ஆச்சரியத்தோடு.

அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. நிறுத்தியதை, கை காட்டியதை, சிரித்ததை, போலீஸ்காரரிடம் பாதியை விழுங்கியதை, டிப்போவில் முதுகில் தட்டு வாங்கியதைக்கூட விடாமல் சொன்னார். நாளைக்கே ஸ்டேஷனுக்கு வந்து சொல்வதாகவும், சாவிக்காரம்மாவும் சொல்லப்போவதாகவும் சொன்னார். வேலை போனால் போகட்டும் என்று சொல்ல வந்தார். அதைச் சொல்லிப் பெருமை தேடிக்கொள்வது போல் இருந்ததால் விட்டுவிட்டார்.

டீச்சர் திட்டுவார், கதவைச் சாத்துவார் என்று எதிர்பார்த்து வந்திருந்தார். டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

“நின்ன பஸ்ஸைத் தாண்டும்போது நானும் யோசிச்சிருக்கணும்” என்றார். “ஏன் நிக்குது, முன்னாடி யாராவது கடக்கறாங்களான்னு. அதை நான் ஒத்துக்கறேன்.” பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தார். கண்ணில் ஒரு பரபரப்பு வந்திருந்தது. “ஆனா நான் வேகமா வரலல்ல?”

கைகாட்டியின் கண் துடைத்து வைத்திருந்த கரும்பலகைக்குப் போயிற்று.

“எல்லாரும் பறந்து வந்தேங்கறாங்க. கேட்டுக் கேட்டு இப்ப எனக்கே சந்தேகம் வந்துருச்சுங்க. கண்ணை மூடினா ஒரு சமயம் மெதுவா வர்ற மாதிரி இருக்கு, இன்னொரு சமயம் வேகமா வர்ற மாதிரி இருக்கு. எது நிஜம்னு தெரியல. கேக்கறதுக்கும் ஆள் இல்ல. நீங்க மேலே உக்காந்திருந்தீங்க. உங்க பக்கத்துல கண்ணாடி இருந்துச்சு. நீங்க சொன்னா நான் நம்பிருவேன். மெதுவாத்தானே வந்தேன்?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை. சொல்லிவிட்டால் அந்த முகம் மலர்ந்துவிடும். பஸ்ஸில் உட்கார்ந்த நாளிலிருந்து எதற்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தாரோ, அது இதோ எட்டுகிற தூரத்தில் இருந்தது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. டீச்சர் மெதுவாகத்தான் வந்திருப்பார், பார்த்தாலே தெரிகிறது, சொன்னால் என்ன என்று மனசு அடித்துக்கொண்டது.

“தெரியலம்மா” என்றார். “நான் பாக்கல. பாத்திருந்தா உங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாத்திருந்தா அந்தம்மாவைப் போகவே விட்டிருக்க மாட்டேன். நான் அந்தப் பக்கம் பாக்கவே இல்லம்மா.”

டீச்சரின் முகம் மலரவில்லை. அவர் அழுதார், சத்தமில்லாமல். கைகாட்டி செய்வதறியாமல், கைகளை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல், நின்றுகொண்டே இருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் கிடந்த செருப்பை மாட்டினார்.

“நாளைக்கு வேண்டாம், இப்பவே போலாம்” என்றார். “இப்ப என்கிட்டச் சொன்னீங்களே, பாக்கலன்னு. அதை அங்கயும் இப்படியே சொல்லுங்க.”